இரட்டையரும் ஆயுளும்

ஒரு வயிற்றில் ஒன்றாய்ப் பிறந்த இருவருக்கும் விதி ஒரே ஆயுளைத்தான் எழுதியிருக்கும் என்று நம்மவர் சிலர் கூறுவதுண்டு. விதியின் ஏட்டைப் புரட்ட இயலாத விஞ்ஞானிகள், டென்மார்க்கு நாட்டின் இரட்டையர் பதிவேட்டைப் புரட்டினர். 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இணை இரட்டையரை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: ஆயுள் வேறுபாட்டிற் பரம்பரைக்குரிய பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றே. எஞ்சியது வாழும் வகையையும் சூழலையும், ஓரளவு தற்செயலையும் சார்ந்தது.

அதே பதிவேட்டைக்கொண்டு 2016இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வேறொன்று கண்டனர். இரட்டையர் ஏனையோரைவிட நெடுநாள் வாழ்ந்தனர். அவர்களுள்ளும் ஒரே கரு பிரிந்து பிறந்தோரே முன்னின்றனர். ஒருவர் நலத்தை மற்றவர் கண்காணிக்கும் நெருக்கமே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. யப்பானின் நகோயா நகரில் 1892 ஆகஸ்டு 1ஆம் நாள் பிறந்த கின் நரிட்டா, ஜின் கனியே என்னும் இரட்டைச் சகோதரியரை இங்கு நினைக்கலாம். கின் 2000 சனவரியில் தமது 107ஆம் வயதிற் காலமானார். ஜின் அதன்பின் பதின்மூன்று மாதங்களே வாழ்ந்தார்.

இத்தகைய கண்காணிப்பு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. இரட்டையராயினும் அல்லராயினும், சீதனமாய்ப் பெற்ற வளவைப் பங்கிட்டு அருகருகே வாழ்ந்த சகோதரியர் இங்கு அநேகர். நடுவே கிடுகுவேலி, வேலியில் ஒரு பொட்டு. அதன் வழியே ஒடியற்கூழும் முருங்கையிலை வறையும் வரும், கூடவே, “என்னடி, மெலிஞ்சு போனாய்? மருந்தை ஒழுங்காய் எடுக்கிறியோ?” என்ற அதட்டலும் வரும். கூழினும் அந்த அதட்டலே பெரிய மருந்து என்பேன்.

1983க்குப் பின் ஒருத்தி சுன்னாகத்திலும் மற்றவள் டொரன்டோவிலுமாய்ப் பிரிந்த குடும்பங்கள் பல. “சுகமாய் இருக்கிறன்” என்னும் சொல் தொலைபேசியிற் போய்ச் சேரும். முகம் காட்டும் கருவியிலுங்கூட வீங்கிய பாதம் தெரிவதில்லை. நீரிழிவுக்காரரின் காற்புண் பலகாலும் வலியின்றியே வளர்வதாதலால், அவர் தாமாகச் சொல்லவும் மாட்டார்.

ஆகவே, வாசகர்களே, தூரத்து உடன்பிறந்தாரிடம் “சுகமோ?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். இன்று எவ்வளவு தூரம் நடந்தார், சென்ற முறை சோதித்தபோது சீனி எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். கருவியைத் தாழ்த்திக் காலைக் காட்டச் சொல்லுங்கள். குளிசைப் போத்தலைக் கையில் எடுத்து, மிஞ்சியிருப்பவை எத்தனை என்று எண்ணிச் சொல்லவும் சொல்லுங்கள்.