பெரிய பம்ப் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் முதலில் ஏமாறுவது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான். கையளவு ஸ்பீக்கரின் பெட்டியில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 465 என்று காட்டும். இதையெல்லாம் அலுவலக நண்பர்களுக்கு விளக்கிச் சொல்கிற நானே, மீன்தொட்டிக்குப் பம்ப் வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாந்தேன்.

என் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் 120 லிட்டர் தொட்டி ஒன்றும் அதில் நான்கு தங்கமீன்களும் உண்டு. 2023 கோடையில் ஜன்னல் வெயில் பட்டுத் தண்ணீர் பச்சைப் பட்டாணி சூப் போல் ஆகிவிட்டது. மாற்றினால் நான்கே நாளில் மறுபடியும் பச்சை. நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு 9 வாட்ஸ் யு.வி. ஸ்டெரிலைசர் வாங்கினேன்.

இதில் குவார்ட்ஸ் கண்ணாடி உறைக்குள் ஒரு டியூப் இருக்கும். சுமார் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் அதிலிருந்து வரும். உறையைச் சுற்றித் தண்ணீர் ஓடும்போது, மிதந்து வரும் பாசி, கிருமிகளின் டி.என்.ஏ.வை அந்தக் கதிர் சிதைத்துவிடும். எவ்வளவு நேரம் கதிர் படுகிறதோ அவ்வளவு பலன். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது டியூப் அல்ல, பம்ப்தான்.

கடைக்காரர், "யு.வி.யை ஸ்டாண்டுக்குக் கீழேதானே வைக்கப் போறீங்க? தண்ணி மூணடி மேலே ஏறணும் சார், பெரிசாவே எடுத்துக்குங்க" என்றார். மணிக்கு 1500 லிட்டர் பம்ப்பை எடுத்துக் கொடுத்தார். இன்ஜினியரிங் படித்த நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் ஓடியது. பச்சை கொஞ்சமும் குறையவில்லை. பகலில் பிராணவாயு தரும் பாசி, இரவில் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் ஒன்று செத்து மிதந்தது. அன்றைக்குத்தான் யு.வி.யின் பெட்டியை ஒழுங்காகப் படித்தேன். பாசிக்கு மணிக்கு 400 லிட்டருக்கு மேல் விடக்கூடாது, ஒட்டுண்ணிகளுக்கு அதைவிடக் குறைவு என்று அதிலேயே போட்டிருந்தது!

கடைக்காரரின் மூன்றடிக் கணக்கு தப்பு. தண்ணீர் தொட்டியிலிருந்து கீழே இறங்கி, யு.வி. வழியாக அதே தொட்டிக்குத் திரும்புகிறது. ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தால், இறங்கும் பக்கத்தின் எடையும் ஏறும் பக்கத்தின் எடையும் சமமாகிவிடும். ஹோஸின் உராய்வையும் வளைவுகளையும் மட்டும்தான் பம்ப் சமாளிக்க வேண்டும். தரையில் உள்ள தொட்டியிலிருந்து மேலே இருக்கும் வேறு தொட்டிக்கு ஏற்றுவதானால் மட்டுமே உயரக் கணக்கு வரும். அப்போது பெட்டியில் உள்ள லிட்டர் எண் வெகுவாகக் குறைந்துவிடும். ஏனென்றால், அது உயரமே இல்லாதபோது அளந்த எண்.

ஆகவே, முதலில் டியூப்பின் வேகத்தைப் பாருங்கள், பிறகு அதற்கேற்ற பம்ப்பைத் தேடுங்கள் என்பதே என் கருத்து. பலரும் என்னைப் போலத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அதற்காக மிகவும் மெதுவாகவும் விடக்கூடாது. தொட்டியின் கொள்ளளவு ஒரு முறை யு.வி. வழியே போனாலும் எல்லாத் தண்ணீரும் போய்விட்டதாக அர்த்தமில்லை. சுத்தமானதும் ஆகாததும் கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் சுமார் 63 சதவீதம்தான் உள்ளே போயிருக்கும். மூன்று சுற்றில் 95. மணிக்கு 400 லிட்டர் என்றால் என் தொட்டிக்கு மூன்று சுற்றுக்கும் மேல், அது போதும்.

வேகத்தை அளப்பது சுலபம். இரண்டு லிட்டர் ஜக் ஒன்றைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு அருகில் பிடித்து, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வையுங்கள். (ஜக்கைத் தரையில் வைத்தால் தண்ணீர் தானாகவே வேகமாக இறங்கிக் கணக்கைக் கெடுக்கும்.) 18 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 400 லிட்டர். எனக்கு 6 விநாடியில் நிறைந்தது, அதாவது 1200!

பம்ப்பிலிருந்து வெளியே போகும் பக்கத்தில் ஒரு வால்வ் போட்டுக் குறைத்தேன். உறிஞ்சும் பக்கத்தை அடைக்கவே கூடாது, பம்ப் கெட்டுவிடும். ஒரு வாரத்தில் தொட்டியின் பின்சுவர் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பம்ப் 25 வாட்ஸ் இழுத்தது. பிறகு வாங்கிய சின்னப் பம்ப்புக்கு 8 வாட்ஸ்தான். இரவு பகலாக ஓடும் சாதனம் என்பதால் மாதம் 12 யூனிட் மிச்சம். தண்ணீருக்குள் இருக்கும் பம்ப்பின் சூடு தண்ணீருக்கே போகும் என்பதால், சென்னையின் மே மாதத்தில் மீன்களுக்கும் அது நல்லதுதான்.

டியூப்பை எரியவிட்டு நேராகப் பார்க்காதீர்கள், கண் கெடும். நன்றாக எரிவது போலத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள் பம்ப்பின் ஒயரைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டு, அதன் பிறகு மேலே ஏற்றி மாட்டுங்கள். ஒயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழேயே சொட்டிவிடும்.

அந்த 1500 லிட்டர் பம்ப் இப்போது மொட்டை மாடியில், டிரம்மிலிருந்து அம்மாவின் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.