மௌலவியின் வெளிநாட்டுப் பயணம்

மாத்தளைப் பக்கத்து மதரஸா ஒன்றின் மௌலவி நிதி திரட்ட வளைகுடாவுக்குப் புறப்பட்டால், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு அது சந்தேகத்துக்குரிய பயணம். ஆனால், கடல் கடந்து கையேந்துவது சமயக் கல்வியின் பழைய வழக்கம். முதல் உலகப் போரில் நொடித்துப்போன யெஷிவாக்களுக்காக (யூத சமயக் கல்லூரிகள்) 1924இல் ரப்பி கூக் உட்பட மூன்று மூத்த ரப்பிமார் அமெரிக்காவில் மாதக்கணக்கில் அலைந்தார்கள். அநகாரிக தர்மபாலவின் பௌத்தப் பணிகளைத் தாங்கியது ஹொனலூலுவின் மேரி ஃபோஸ்டர் தந்த பணம். அதை இங்கே யாரும் குறையாகச் சொல்வதில்லை.

பணத்தோடு கொடுப்பவரின் கொள்கையும் வந்துசேரும் என்பது வலுவான ஆட்சேபம். அதில் உண்மையும் உண்டு. உள்ளூர்ப் பணம் மட்டும் சும்மாவா வருகிறது? பெரிய தொகை கொடுத்த முதலாளி நிர்வாக சபையில் உட்கார்ந்து ஆசிரியர் நியமனம்வரை கை வைப்பதை எல்லாச் சமூகங்களும் அறியும். 19ஆம் நூற்றாண்டின் வொலோஜின் யெஷிவா தூர ஊர்களுக்கு நிதி திரட்டத் தூதர்களை அனுப்பியதால் ஓர் ஊரின் பிடியில் சிக்காதிருந்தது. ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அதன் கணக்கு யார் கண்ணில் படுகிறது என்பதே முக்கியம். வெளிநாட்டு நிதியில் எழுந்த தனியார் உயர்கல்வி நிறுவனமான மட்டக்களப்பு கெம்பஸை உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு அரசு கையேற்றது. 2023இல் திருப்பிக் கொடுத்தது. அந்த இழுபறியால் வெளிநாட்டு நிதிக்கு ஒரு தெளிவான ஒழுங்கு பிறந்துவிடவில்லை. மாத்தளை மதரஸா நிர்வாகிகளே, அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம்: வந்த தொகை, தந்தவர், செலவு மூன்றையும் ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், சிங்களத்திலும் சேர்த்து.