பாராட்டினோம், பக்கத்தில் இருக்கவில்லை

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இந்த மேசை கட்டாயம் இருக்கும். நாலு எலுமிச்சம்பழம், ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஓர் ஆணி. எல்லாவற்றையும் வயரால் இணைத்ததும் குட்டி எல்.இ.டி. ஒன்று மங்கலாக எரியும். நாம் கை தட்டுவோம், போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவோம். அதே பிள்ளை அடுத்த மாதம் மொட்டை மாடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்று நம்மில் எத்தனை பேர் ஏறிப்போய்ப் பார்த்தோம்?

எலுமிச்சம்பழத்தில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஒரு பழத்திலிருந்து ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும், மின்னோட்டமும் அற்பம். துத்தநாகம் சாற்றில் கரைந்திருக்கும் என்பதால் அந்தப் பழத்தைப் பிழிந்து ஜூஸ் போடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஆர்வம் எலுமிச்சையோடு நிற்பதில்லை. நாலு பழத்தால் ஒரு பொம்மை மோட்டார்கூடச் சுற்றாது என்று தெரிந்ததும், பிள்ளை அடுத்த படிக்குப் போகிறது. உரக்கடையில் மயில்துத்தம் வாங்குகிறது. கழிவறை ஆசிடை எடுக்கிறது. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைத் தேடுகிறது. பேட்டரி செய்வதில் 1800-இல் வோல்ட்டா, 1836-இல் டேனியல், 1859-இல் பிளாந்தே என்று அறுபது ஆண்டுகள் அறிவியல் நடந்த பாதையை, ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரே கோடை விடுமுறையில் நடந்து முடிக்கப் பார்க்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். நாமும் பெருமைப்பட்டோம். கூட நடக்கத்தான் யாரும் போகவில்லை.

பேட்டரி என்றால் சாது என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்து மறுபடி டார்ச்சில் போட்ட தலைமுறை நாம். பல்லால் கடித்துப் பார்த்தோம். கல்லால் உடைத்து, உள்ளே இருந்த கார்பன் குச்சியை உருவிச் சுவரில் கிறுக்கினோம். மிச்சமிருந்த கறுப்புப் பொடியை ஊமத்தை இலையோடு சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய பள்ளிகளும் உண்டு. அந்தப் பொடி மாங்கனீஸ் டை ஆக்சைடு, அதனோடு நவச்சாரம், சுற்றிலும் துத்தநாகம், அந்தக் காலத்துச் செல்களில் கொஞ்சம் பாதரசமும். பூசி முடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னவர்கள் குறைவு. இன்றைக்கு யாராவது கேட்டால், "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்கிறோம். ஆகாமல் போனதை அறிவாக எண்ணிக்கொண்டு, அதையே பிள்ளைகளுக்கும் சொத்தாக எழுதிவைத்துவிட்டோம்.

அவர்கள் கையில் இருப்பதோ வேறு பொருள். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிளந்தால் உள்ளே விரல் தடிமனில் உருளைகள் வரிசையாக இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். ஆறு செல் கிடைத்தால் பவர் பேங்க் செய்துவிடலாம் என்று பிள்ளைக்குத் தெரியும். செல்லின் தலையில் இருக்கும் பொத்தான் நேர்முனை. உடம்பு முழுக்க, தலையின் விளிம்பு வரைக்கும், எதிர்முனை. இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய வளையமும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும்தான். நிக்கல் பட்டையைக் கட்டிங் பிளேயரால் பிய்க்கும்போது அந்த உறை கிழிந்தால், பிளேயரின் வாயே இரண்டு முனையையும் சேர்த்துவிடும். பிறகு சோல்டரிங் அயர்னின் சூட்டை நேராகச் செல் மேலேயே வைப்பது, பழசையும் புதுசையும் ஒன்றாகக் கோப்பது, பாதுகாப்பு போர்டு இல்லாமலே சார்ஜ் ஏற்றுவது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால், அல்லது உள்ளே இருக்கும் தடுப்புச் சவ்வு பழுதானால், சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். அந்தச் செல் பற்றினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொள்ளும். வரும் புகையும் நச்சு. இவ்வளவும் நடக்கக்கூடிய இடம் கட்டில் மெத்தை, நேரம் நாம் தூங்கும் நேரம்.

பிள்ளை இதைச் செய்வதைப் பார்த்தபோது நாம் இரண்டில் ஒன்றைத்தான் சொன்னோம். "என் பையன் பவர் பேங்க்கே செஞ்சுட்டான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னோம். இல்லையென்றால், "படிக்கிற நேரத்துல என்னடா இது, தூக்கிப் போடு" என்று கத்தினோம். இரண்டுமே நமக்கு வசதி. பாராட்டுக்கும் திட்டுக்கும் ஒரு நிமிஷம் போதும். உட்கார்ந்து கேட்க ஒரு சாயங்காலம் வேண்டும்.

திட்டியதன் விலை பெரிது. திட்டு வாங்கிய பிள்ளை சோதனையை விடவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டது. கூடத்தில் செய்தது மாடிக்குப் போயிற்று, கதவு சாத்திக்கொண்டது. கண்ணில் ஆசிட் துளி தெறித்தால் செய்யவேண்டியது ஒன்றுதான். உடனே குழாயைத் திறந்து, கண்ணைத் திறந்து பிடித்து, பதினைந்து இருபது நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காரச் செல் கசிந்து வரும் திரவம் இன்னும் மோசம். காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். அம்மாவுக்குத் தெரிந்தால் அடி விழும் என்று துண்டால் துடைத்துக்கொண்டு படுத்துவிடும் பிள்ளை அந்த இருபது நிமிஷத்தை இழக்கிறது. அப்படியே வந்து சொன்னாலும், பேஸ்ட் தடவு, மஞ்சள் வை என்று நாமும் அதையே பாழாக்கியிருக்கிறோம்.

ஆசிட் பிள்ளையின் கைக்கு எப்படிப் போயிற்று? 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும், "ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பியது நாம்தான். முதுகு வலிக்கிறது என்று இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னதும் நாம்தான். பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும், ஜன்னலைத் திறந்துவை என்று சொல்லி அனுப்பியதில்லை. தண்ணீரில்தான் ஆசிடை மெதுவாக ஊற்றவேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதை நாமும் படித்தோம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு மறந்துவிட்டோம். உப்புத் தண்ணீரில் கரண்ட் விடப்போகிறேன் என்று கேட்ட பிள்ளைக்கு அடுக்களையிலிருந்து எவர்சில்வர் கரண்டியை எடுத்துக் கொடுத்தோம். அந்தத் தண்ணீரிலிருந்து குளோரின் வரும் என்பதோ, கரண்டியிலிருந்து நச்சுள்ள குரோமியம் கரையக்கூடும் என்பதோ நினைவுக்கு வரவில்லை. கரண்டி திரும்ப அலமாரிக்கே போயிற்று.

கண்காட்சியில் நடுவராக நின்ற நாமும் தப்ப முடியாது. "எத்தனை வோல்ட் வருது?" என்று கேட்டோம். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தாயா, மிச்சக் கரைசலை எங்கே கொட்டினாய் என்று கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு யார் தயாராவார்கள்? தெர்மோகோலுக்கும் ஜிகினாத் தாளுக்கும் தாராளமாகச் செலவழித்த பெற்றோரும் பள்ளியும், ஒரு பாதுகாப்புக் கண்ணாடிக்கும் ஒரு ஜோடிக் கையுறைக்கும் பணம் ஒதுக்கவில்லை.

இதற்காகப் பேட்டரியே தொடாதே என்று சொல்லத் தேவையில்லை. அது இன்னொரு வசதியான வழி, அவ்வளவுதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் துளிர் இதழைக் குழந்தைகளுக்காக நடத்திவருவதே, கையால் செய்து பார்த்தால்தான் அறிவியல் ஒட்டும் என்ற நம்பிக்கையில்தான். எலுமிச்சை, உப்புத் தண்ணீர், செம்பு, துத்தநாகம் என்று செய்து பார்க்கவே ஏராளம் இருக்கிறது. அதைத் தாண்டி அமிலம், மயில்துத்தம் என்றால் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க. லித்தியம் செல்லைப் பிரிப்பதும் குத்துவதும் எந்த வயதிலும் வேண்டாம். உப்பிப்போன போன் பேட்டரியை நோண்டக்கூடாது, சார்ஜும் போடக்கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வட்டச் செல் ஒன்றுகூட வெளியே கிடக்கக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். பிள்ளைக்கு நாம் கொடுக்கவேண்டிய முதல் உறுதி இது: எது கொட்டினாலும், எது உடைந்தாலும், உடனே வந்து சொன்னால் திட்டு கிடையாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. எல்லா வீட்டிலும் தீர்ந்துபோன செல்கள் ஒரு டிராயரிலோ ஃபிரிட்ஜ் மேலேயோ கிடக்கின்றன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-இல் வந்த விதிகள் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்திருக்கின்றன. டிராயரைத் திறந்து கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை நம்முடையது, அதை நாம் செய்யவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து அவற்றை வகை பிரிக்கலாம், லித்தியம் செல்களின் முனைகளில் டேப் ஒட்டலாம், இது என்ன, உள்ளே என்ன இருக்கிறது என்று அதனிடமே கேட்கலாம். நம்மைவிட அதற்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். தெரியாத இடம் வரும்போது நாம் பக்கத்தில் இருக்கவேண்டும். அதைச் செய்யாமல் வாசலில் நின்று "ஜாக்கிரதை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், இத்தனை நாள் செய்ததையே மறுபடியும் செய்கிறோம்.