பேட்டரி பற்றவைக்கும் யந்திரம்: எதை வாங்குவது?

திருப்பதியிலிருந்து ஓர் அம்மையார் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ரேணிகுண்டா செல்லும் சாலைப் பக்கம் ஒற்றை அறை வீட்டில் குடியிருப்பவர். மாலை வேளையில் தள்ளுவண்டியில் இட்லி வியாபாரம். பிறந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அவருடைய மகன் ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டு, பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த லித்தியம் செல்களைக் கொண்டு வீட்டிலேயே பேட்டரி கட்டப் பழகி வருகிறாராம். முதலில் தாயாரின் வண்டிக்கு விளக்கு. அடுத்துத் தம் சைக்கிளுக்கு மோட்டார். இரண்டும் நன்கு அமைந்தால் அதையே பிழைப்பாகக் கொள்வது என்பது பிள்ளையின் திட்டம். அதற்கு ‘ஸ்பாட் வெல்டர்’ என்னும் யந்திரம் வேண்டும் என்கிறார்.

“சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? கொடுப்பதானால் எதை வாங்கச் சொல்வது? வேலூரில் நடந்ததைக் கேட்டது முதல் எனக்குப் பேட்டரி என்றாலே நெஞ்சு படபடக்கிறது” என்று அம்மையார் முடித்திருக்கிறார்.

அந்த அச்சத்தை வீண் என்று தள்ள நாம் ஒருப்படோம். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் வைத்திருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் சிக்கித் தந்தையும் மகளும் மாண்டனர். அது கடையில் வாங்கிய புதிய வண்டி. அப்படியிருக்க, நம் கையால் கட்டும் பேட்டரிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நாம் சொல்லித்தான் அம்மையார் அறிய வேண்டுமென்பதில்லை.

ஆயினும் பிள்ளையின் ஆசையும் ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. நாம் பிழைக்க வந்த இந்தச் சீமை பேட்டரியால் பெயர் பெற்ற சீமை. அமெரிக்காவிலிருந்து திரும்பிய பொறியாளர் கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் நிறுவிய அமர ராஜா நிறுவனத்தின் ஆலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் இருக்கிறது. கார்களுக்கான ஈய பேட்டரி அங்கிருந்து நாடெங்கும் போகிறது. 2022 செப்டம்பரில் முனோத் என்னும் சென்னை நிறுவனம் திருப்பதியிலேயே லித்தியம் செல் ஆலையைத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 20,000 செல் செய்யும் திறன் என்று அப்போது அறிவித்தார்கள். (திருப்பதி தனி மாவட்டமானதும் அதே ஆண்டு ஏப்ரலில்தான்.) கண்ணெதிரே இத்தனை நடக்கும்போது, தொழில் கற்ற இளைஞனின் கை சும்மா இருக்குமா?

இனி விஷயத்துக்கு வருவோம்.

செல்லையும் செல்லையும் இணைக்கச் சால்டரிங் இரும்பு போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது; ஆகவும் ஆகாது. பதினெட்டு மில்லிமீட்டர் குறுக்களவும் அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளமும் உள்ளதால் ‘18650’ என்று பெயர் பெற்ற இந்தச் செல்லுக்குள், இரு தகடுகளும் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்று சுற்றப்பட்டிருக்கிறது. அது ஏறக்குறைய 130 டிகிரி வெப்பத்திலேயே இளகிவிடும். சால்டரிங் இரும்பின் முனையோ 350 டிகிரி. அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் வெளியே ஈயம் பிடிக்கும். உள்ளே என்ன ஆயிற்று என்பது உடனே தெரியாது. ஆறு மாதம் கழித்து இரவில் தெரியலாம்.

ஸ்பாட் வெல்டிங்கின் நன்மை இங்கேதான். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை ஜூல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1840-களிலேயே காட்டினார். அதைக் கொண்டு உலோகத்தை ஒட்டவைக்கும் முறைக்கு எலிஹு தாம்சன் அமெரிக்காவில் 1886-இல் காப்புரிமை பெற்றார். இரு செப்பு முனைகளை நிக்கல் பட்டையின்மேல் அழுத்தி, நூற்றுக்கணக்கான ஆம்பியரைச் சில மில்லி விநாடி மட்டும் செலுத்தினால், பட்டையும் செல்லின் முகமும் தொடும் புள்ளி மாத்திரம் உருகி ஒன்றாகும். வெப்பம் உள்ளே இறங்குமுன் காரியம் முடிந்துவிடும். கார் பேட்டரிக்குள் அறைக்கு அறை ஈயத்தை இணைப்பதற்கும் ஆலைகளில் இதே தத்துவந்தான் வழக்கம்.

ஆகவே யந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை ஆம்பியர் கொடுக்கிறது என்பதன்று. கொடுத்ததை உரிய நேரத்தில் நிறுத்துகிறதா என்பதே. விளம்பரத்தில் முதலாவதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

சந்தையில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வோம். பேனாவைப் போலக் கையடக்கமாக, உள்ளேயே சிறு பேட்டரியுடன் வருவது மலிவானது. 0.1 மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் அதனை நம்பலாகாது. கைவிளக்குக்கு இரண்டு மூன்று செல் கட்டப் போதும், சைக்கிளுக்குப் போதாது.

அடுத்து, வீட்டு மின்சாரத்தில் ஓடும் டிரான்ஸ்பார்மர் வகை. அது அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் வீட்டு விளக்கு கண் சிமிட்டும். ஒற்றை அறை வாடகை வீட்டின் பழைய வயரிங் அதைத் தாங்குமா என்பது சந்தேகம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. மலிவான யந்திரம் அலையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனியாது. ஆதலால் ஒரு புள்ளி வலுவாகவும் அடுத்த புள்ளி நோஞ்சானாகவும் அமையும். இதிலும் ஒரு கிளை உண்டு: பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து, அதன் டிரான்ஸ்பார்மரைத் தாமே மறுசுற்று சுற்றிக்கொள்வது. பிள்ளை அப்படி ஏதும் திட்டமிட்டால் அம்மையார் தயங்காது தடுக்க வேண்டும். அவ்வடுப்பில் சுமார் இரண்டாயிரம் வோல்ட் பழகுகிறது. செருகியைப் பிடுங்கிய பின்னரும் அதன் கெபாசிட்டரில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, கார் பேட்டரியோடு ஒரு சிறு மின்னணுப் பலகையை இணைத்துக்கொள்வது. கார் பேட்டரிக்குப் பஞ்சமில்லாத ஊரில் பலரும் இதையே நாடுகிறார்கள். 0.15 மில்லிமீட்டர் பட்டையை இது நன்றாகப் பிடிக்கும். எனினும் இதில் நமக்கே ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மலிவுப் பலகை ஒன்றை வாங்கிக் கட்டினோம். நாற்பது புள்ளி வரை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல விழுந்தது. அடுத்த புள்ளியில் மின்சாரம் நிற்கவில்லை! பலகையிலுள்ள ‘மாஸ்பெட்’ என்னும் மின்னணுச் சாவி பழுதானால், பெரும்பாலும் மின்சாரத்தை அறுப்பதில்லை; விட்டுக்கொண்டே இருக்கும். இதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. செப்பு முனை சிவந்து, பட்டை எரிந்து, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத செல்லின் அடித்தகட்டில் துளை விழுந்து, தித்திப்பான வாடையுடன் ஆவி சீறிற்று. பக்கத்தில் மணல் வாளி இருந்தது நம் புண்ணியம். செல்லில் மின்னேற்றம் குறைவாக இருந்தது அதைவிடப் பெரிய புண்ணியம்.

ஆதலால் இவ்வகையை வாங்குவோர், பேட்டரிக்கும் பலகைக்கும் இடையே உடனே துண்டிக்கத் தக்க சாவியோ பியூஸோ உள்ளதா என்று பார்த்து வாங்குக. சில மேலான யந்திரங்கள் நேரத்தை எண்ணாமல், பாய்ந்த சக்தியை ஜூல் கணக்கில் அளந்து நிறுத்துகின்றன. பேட்டரி தளர்ந்திருந்தாலும் புள்ளி ஒரே சீராக விழும். விலை அதிகந்தான். தொழிலாகச் செய்பவர்க்கு அந்தப் பணம் வீணன்று. மற்றொன்று: மின்னேற்றிக்கொண்டிருக்கும் ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். அந்நேரத்தில் அதன் பக்கத்தில் பொறி பறக்க விடலாகாது.

நான்காவது, கெபாசிட்டர் வகை. ஓரிரு புள்ளிக்கு வேண்டிய சக்தியை மட்டும் தேக்கி, அதையே கொட்டுவது. சாவி சிக்கிக்கொண்டாலும் தேங்கியது தீர்ந்ததும் தானே நின்றுவிடும். ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு நாம் சிபாரிசு செய்வது இதைத்தான். புள்ளிக்குப் புள்ளி சில விநாடி காத்திருக்க வேண்டும், பொறுமை கற்றுக்கொள்ளட்டும். ஆனால் ‘சூப்பர் கெபாசிட்டர்’ என்று விற்பதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கான சக்திகூடத் தேங்கியிருக்கலாம். கார் பேட்டரிக்குச் சொன்ன எச்சரிக்கை முழுவதும் அதற்கும் பொருந்தும்.

யந்திரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு பட்டையைப் பற்றியும் சொல்லாவிட்டால் பாவம். நிக்கல் என்று சொல்லி, நிக்கல் பூசிய இரும்பை விற்கிறார்கள். அது மின்சாரத்தைத் தடுப்பது ஏறக்குறைய இருமடங்கு. சூடேறும், நாளடைவில் துருவும் பிடிக்கும். காந்தத்தால் சோதிப்பது பயனற்றது, இரண்டையுமே காந்தம் இழுக்கும். ஒரு துண்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து உப்புத் தண்ணீரில் இரவெல்லாம் போட்டு வையுங்கள். காலையில் செந்நிறம் கண்டால் அது இரும்பு. வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

புள்ளி சரியாக விழுந்ததா என்று பார்ப்பதும் எளிதே. ஆறிய பின் குறட்டால் பட்டையை உரித்து இழுக்க வேண்டும். புள்ளியைச் செல்லிலேயே விட்டுவிட்டுப் பட்டை கிழிந்து வந்தால் நன்று. முழுதாகக் கழன்று வந்தால் சக்தி போதவில்லை. பொத்தல் விழுந்தால் மிஞ்சிவிட்டது. இந்தப் பழக்கத்தை நல்ல செல்லில் வைத்துக்கொள்ளலாகாது. பட்டையின்மேல் பட்டையை வைத்துக் குறைந்தது நூறு புள்ளி அடித்துப் பார்க்கட்டும். 48 வோல்ட் சைக்கிள் பேட்டரி ஒன்றுக்கு, பதின்மூன்று வரிசையில் நான்கு நான்காக 52 செல். செல்லின் இரு முகத்திலும் இரண்டிரண்டு அடி என்றால் 208 அடி. அதில் ஓர் அடி பிசகினாலும் அந்தச் செல்லின் பாரம் பக்கத்துச் செல்லின் தலையில் ஏறும். செல்லின் நேர்முனையில் வளையமாக வெட்டிய காகிதக் காப்பு ஒட்டாமல் ஒரு புள்ளியும் வைக்கலாகாது. ஏனெனில் அம்முனையின் விளிம்பே எதிர்முனைதான்.

இப்போது அம்மையாரின் கேள்விக்கு நேராக வருகிறோம். வண்டி விளக்குக்கு ஸ்பாட் வெல்டரே வேண்டாம். 3.2 வோல்ட் கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், திருகாணி வைத்ததாகவே கிடைக்கிறது. நான்கை வரிசையில் முடுக்கி, அளவான பாதுகாப்புப் பலகை ஒன்றை, அதாவது கடைக்காரர் ‘பி.எம்.எஸ்.’ என்பதைச் சேர்த்தால் 12.8 வோல்ட் ஆயிற்று. மடிக்கணினிச் செல்லைவிட அது எளிதில் தீக்கொள்ளாத இனமும் ஆகும். பிள்ளை இதை முதலில் கட்டட்டும். தாயார் மூன்று மாதம் அதன் வெளிச்சத்தில் வியாபாரம் செய்யட்டும். அதுவரை சீட்டுப் பணம் வங்கியிலேயே இருக்கலாம்.

அதன் பிறகும் பிள்ளைக்கு ஆர்வம் குன்றாதிருந்தால், கெபாசிட்டர் வகையை வாங்கிக் கொடுங்கள். ஆனால் சமையலும் உறக்கமும் சிலிண்டரும் உள்ள அந்த அறையில் வேலை வேண்டாம். தெரிந்த எலெக்ட்ரீஷியன் பட்டறையில் ஒரு மூலை கேட்டுப் பெறலாம்; அதற்குச் சிறு வாடகை கொடுத்தாலும் தகும். மணல் வாளி பக்கத்தில், கண்ணாடி கண்ணில், மோதிரமும் கைக்கடிகாரமும் வீட்டில். சைக்கிள் பேட்டரிக்குப் பழைய மடிக்கணினிச் செல் கூடவே கூடாது. ஒரே வகையான புதுச் செல்லாக, விலைச்சீட்டோடு வாங்க வேண்டும். கட்டி முடித்ததை இரவில் மின்னேற்றத்தில் வைத்துவிட்டு உறங்குவதும், வாசற்படியை மறித்து வைப்பதும் வேண்டாம்.

தம்பி பழகிய பட்டைகளில் இரண்டு மூன்றை, குறட்டால் உரித்துப் பார்த்த அடையாளத்தோடு, நம் சங்கத்துக்கு அனுப்பி வைப்பாராயின், அடுத்த இதழிலேயே நம் கருத்தைத் தெரிவிப்போம்.