1885 என்று எழுதினால் 1885 ஆகிவிடுமா?

என் அறை நண்பனுக்கு சீட்டு வித்தை என்றால் பைத்தியம். சாப்பிடும்போதுகூட ஒரு கையில் சீட்டுக்கட்டு இருக்கும். மூன்று மாதமாக மிச்சம் பிடித்த நாலாயிரம் ரூபாயை ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம் கொடுத்து ஒரு கட்டு வாங்கினான். "ஒரிஜினல் 1885 பைசிக்கிள், அரிதிலும் அரிது" என்று போட்டிருந்தார்கள். பார்சலைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் காரம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1880களில் அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுவது பெரிய விளையாட்டு மோகமாக இருந்தது. சின்சினாட்டி நகரத்து அச்சகமான ரஸ்ஸல் மார்கன் கம்பெனி 1881-ல் சீட்டு அச்சிட ஆரம்பித்து, 1885-ல் அந்த மோகத்தின் பெயரையே ஒரு கட்டுக்கு வைத்தது. அந்த 'பைசிக்கிள்' கட்டு இன்றுவரை நிற்காமல் அச்சாகிறது. வம்பே இதில்தான். 1885 என்பது பிராண்டு பிறந்த வருடம், உங்கள் கையில் இருக்கும் கட்டு பிறந்த வருடம் அல்ல. இது தெரியாமல் விற்பவர் பாதி, தெரிந்தே விற்பவர் மீதி. நல்லவேளை, பெட்டியில் இருக்கும் 808 என்ற சரக்கு எண்ணைப் பார்த்துவிட்டு 1808 என்று யாரும் இன்னும் சொல்லவில்லை!

நண்பனின் பெட்டியில் இருந்த கம்பெனி பெயர் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி'. அந்தப் பெயரே 1894-ல்தான் வந்தது. அதாவது 1885 என்ற கதை பெட்டியின் முதல் வரியிலேயே செத்துவிட்டது. அடுத்து முகவரி: சின்சினாட்டி, ஒஹையோ, 45212. அமெரிக்காவில் இந்த ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு வந்தது 1963-ல். ஒரே பெட்டியில் 78 வருஷம் காலி.

இன்னும் இருக்கிறது. அமெரிக்க அரசு சீட்டுக்கட்டுக்கு வரி போட்டு முத்திரை ஒட்ட வைத்த காலம் இரண்டு. 1862 முதல் 1883 வரை ஒன்று, 1894 முதல் 1965 ஜூன் வரை இன்னொன்று. இரண்டாவது காலத்தில் வரி 2 சென்ட்டில் ஆரம்பித்து, 1917-ல் 7, 1919-ல் 8, 1924-ல் 10 என்று ஏறியது. முத்திரையில் தொகை இருந்தால் வருடத்தை நெருங்கிவிடலாம். முத்திரையைச் செல்லாக்க அடித்த தேதியும் தெரிந்தால் யோகம்தான். ஆனால் முத்திரை இல்லை என்பதற்காக உடனே முடிவுக்கு வரக்கூடாது, பிரிக்கும்போதே கிழிந்திருக்கலாம். நண்பனின் பெட்டியில் ஒட்டிய பசைத் தடம்கூட இல்லை. பார்கோடும் இல்லை, அமெரிக்கக் கடைகளில் அது புழக்கத்துக்கு வந்ததே 1974-ல்தான்.

இதற்கு மேல்தான் இஸ்பேட் ஏஸைப் பார்க்க வேண்டும். அதில் பொடியாக ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து வருடத்தைக் குறிக்கிறது, ஆனால் அதே எழுத்து சுமார் 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆக ஒரு எழுத்துக்கு நாலைந்து வருடங்கள் பொருந்தும். விற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அவற்றில் மிகப் பழையதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்கிறார்கள். செய்யவேண்டியது நேர்மாறு. மற்ற தடயங்களை வைத்து முதலில் எல்லை போட்டுக்கொண்டு, அந்த எல்லைக்குள் விழும் வருடத்தை எடுக்க வேண்டும். அப்படிச் செய்ததில் எங்கள் கட்டு 1970களின் நடுப்பகுதி என்று வந்தது. கிட்டத்தட்ட 90 வருட வித்தியாசம்.

"இருக்கட்டும், அம்பது வருஷப் பழசுதானே, அதுக்கும் மதிப்பு இருக்குமே" என்று ஒருவர் கேட்டார். வணிகவியல் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வயசு ஒரு பொருளுக்கு விலை கொடுப்பதில்லை, பற்றாக்குறையும் தேவையும்தான் கொடுக்கும். சைக்கிள் மேல் தேவதை உட்கார்ந்திருக்கும் அந்த 'ரைடர்' பின்பக்கம் 1887-லிருந்து மலைமலையாக அச்சாகியிருக்கிறது. சிவப்பிலும் நீலத்திலும் எந்தப் பெட்டிக்கடை அமெரிக்கரிடமும் கிடைக்கும். உண்மையில் தேடப்படுவது நின்றுபோன பின்பக்க வடிவங்கள், அதுவும் 52 சீட்டும் ஜோக்கரும் பெட்டியும் சேர்ந்து இருந்தால். அதிலும் பழைய வடிவங்களை கம்பெனியே மறுபடி அச்சிட்டு விற்றிருக்கிறது, ஜாக்கிரதை.

விலை விஷயத்தில் நடக்கும் கூத்து இன்னும் மோசம். ஒருவர் 300 டாலர் என்று போடுவார், அதைப் பார்த்து இன்னொருவர் 350 போடுவார். இரண்டும் விற்றிருக்காது. விற்காத இரண்டு விலைகளை ஆதாரமாகக் காட்டி மூன்றாமவர் "சந்தை மதிப்பு" என்பார். கேட்கிற விலை ஆசை, கைமாறிய விலைதான் மதிப்பு. சரக்கிருப்பை அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் காட்டு என்று கணக்கியலில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுப்பது இந்த ஆசைக்குக் கடிவாளம் போடத்தான்.

"வாங்குபவன்தான் பார்த்து வாங்கணும்" என்று சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்முடைய சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15-ஐப் படியுங்கள். வர்ணனை சொல்லி விற்றால் சரக்கு வர்ணனையோடு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவின் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் 2-313-ம் இதையேதான் சொல்கிறது: பேரத்துக்கு அடிப்படையான வர்ணனை உத்தரவாதமாகிவிடும். "தாத்தா பரணில் கிடந்த பழைய கட்டு, வருடம் தெரியாது" என்று எழுதி விற்றிருந்தால் நான் வாயே திறக்கமாட்டேன். வருடத்தை எழுதி, அந்த வருடத்துக்காகவே காசும் வாங்கிவிட்டு, பிறகு வாங்கியவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இதையெல்லாம் வரிசையாக எழுதி, பெட்டியின் படத்தில் கம்பெனி பெயரையும் 45212-ஐயும் வட்டம் போட்டு விற்பனையாளருக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. ஆனால் அதே ஆளின் அடுத்த கட்டு மறுவாரம் விற்பனைக்கு வந்தது. தலைப்பில் ஒரே ஒரு திருத்தம்: "1885 வாக்கில்".