கூடு விட்டு ஷிப்ட் பாய்தல்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மூக்குக்குக் கீழே யாரோ விரலை வைத்துப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்தேன். என் சின்ன மகள். யூ.கே.ஜி. படிக்கிறாள்.

“அம்மா! அப்பாவுக்கு மூச்சு வருது!” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்.

“வந்தா சரி. இட்லி ஆறுது, எழுந்து வரச் சொல்லு” என்று பதில் வந்தது.

சிரிக்காதீர்கள். பெற்ற அப்பனுக்கு மூச்சு வருகிறதா என்று ஒரு குழந்தை சோதித்துப் பார்க்கிற அளவுக்கு நிலைமை முற்றியதற்கு நானேதான் காரணம். ஆறு மாதமாக நான் உடம்பை விட்டு வெளியே போகப் பழகிக்கொண்டிருந்தேன்.

இங்கிலீஷில் இதற்கு ஆஸ்ட்ரல் ப்ரொஜெக்‌ஷன் என்று பெயர். உடம்பு கட்டிலில் கிடக்கும். உள்ளே இருக்கிற ஆசாமி மட்டும் எழுந்து ஊரைச் சுற்றிவிட்டு வருவார். சூட்சும சரீரப் பயணம் என்று நம்மவர்கள் சொல்வார்கள். என் பெரியப்பா கறுப்புச் சட்டைக்காரர். அவரிடம் கேட்டபோது, “வெட்டி வேலை” என்று இரண்டே வார்த்தையில் மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

எனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்கு வீடு நாகரசம்பட்டியில். உத்தியோகம் ஓசூர் சிப்காட்டில், ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் செக்‌ஷனில். நடுவே எழுபது கிலோமீட்டர் சொச்சம். பைக்கில் காவேரிப்பட்டணம் தாண்டி கிருஷ்ணகிரி. அங்கே கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர். ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். ஜெனரல் ஷிப்ட் என்றால் ராத்திரி ஒன்பதரைக்கு வந்து சேருவேன். அப்போதும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட் என்றால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆக, என் பிள்ளைகள் வளர்ந்ததை நான் பாயில், நீளவாக்கில்தான் பார்த்திருக்கிறேன். நின்றால் என்ன உயரம் என்று யாராவது கேட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

ஓசூருக்கே குடி போய்விடலாமே என்கிறீர்களா? அங்கே அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். உயிர் தானாகவே உடம்பை விட்டு வெளியே வந்துவிடும். பயிற்சியே தேவையில்லை.

இந்த நிலையில்தான் பெங்களூர் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடை ஒன்றில் ராபர்ட் மன்றோ என்கிற அமெரிக்கரின் புத்தகம் கிடைத்தது. 1971-ல் வந்த புத்தகம். மன்றோ சாமியார் இல்லை. ரேடியோ நிகழ்ச்சிகள் தயாரித்துச் சம்பாதித்த பிசினஸ்காரர், குடும்பஸ்தர். 1958-ல் ஒரு நாள் படுத்திருந்தபோது உடம்பெல்லாம் அதிர, கொஞ்ச நாளில் கூரை வரைக்கும் மிதந்தாராம். அப்புறம் அதையே பழகி, 1995-ல் காலமாகும் வரை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

படித்ததும் எனக்கு ஒரு பேராசை வந்தது. இமயமலை, சந்திர மண்டலமெல்லாம் எனக்கு வேண்டாம். நைட் ஷிப்டில் டீ பிரேக் விடுகிறபோது வீட்டுக்கு ஒரு எட்டு வந்து, பிள்ளைகள் போர்வையை உதைத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். பெட்ரோல் செலவில்லை. கேட்டில் பஞ்ச் அடிக்கிற தொல்லையும் இல்லை.

மனைவியிடம் புத்தகத்தின் ரசமான பகுதிகளைப் படித்துக் காட்டினேன். மன்றோ ஒரு முறை உடம்பில்லாமல் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போய், தான் வந்ததற்கு அடையாளமாக அவளைக் கிள்ளிவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் பிறகு கிள்ளின தழும்பைக் காட்டினாளாம்.

“ஓஹோ... அதுக்குத்தான் இவ்வளவு பாடா?” என்றாள்.

அந்தப் பகுதியை நான் படித்திருக்கக் கூடாது.

பயிற்சி சாமான்யமில்லை. இன்டர்நெட் குருமார்கள் சொன்னபடி நாலு மணி நேரம் தூங்கி, அலாரம் வைத்து எழுந்து, அரை மணி விழித்திருந்து, மறுபடி மல்லாக்கப் படுக்க வேண்டும். உடம்பு தூங்க வேண்டும், மனசு தூங்கக் கூடாது. (நம் ஆபீஸ்களில் பலர் இதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள்.) அந்த நேரத்தில் யாரும் என்னைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். சின்னவள் என் மூக்கில் விரல் வைத்தது இந்தச் சட்டத்தின் விளைவுதான்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் விழித்தால் கையை அசைக்க முடியவில்லை, காலை அசைக்க முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தினால் சத்தம் வரவில்லை. “அது அமுக்குவான் பேய்டா கண்ணு” என்று அம்மா விபூதி பூசினாள். கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடுகிற ஓட்டத்தை நிஜமாகவே ஓடிச் சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, மூளை கை கால்களைக் கட்டிப் போடுகிறது. கட்டு அவிழ்வதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டால் அதுதான் அமுக்குவான். தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கும் இது அடிக்கடி வரும். எனக்கு இரண்டு தகுதியும் உண்டு.

மிதப்பதற்கும் மூளையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2002-ல் ஸ்விட்சர்லாந்தில், வலிப்பு நோய்க்காக ஒரு பெண்மணிக்கு மூளையில் மின்முனைகள் வைத்துப் பார்த்தார் ஓலாஃப் பிளாங்க்கே என்கிற டாக்டர். வலது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக ஓர் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்ததும், கட்டிலில் படுத்திருக்கிற தன்னையே மேலேயிருந்து பார்ப்பதாக அந்த அம்மாள் சொன்னார். கரண்ட் நின்றதும் கீழே வந்துவிட்டார். நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று மூளை போடுகிற கணக்கு அந்த இடத்தில் குழம்பினால் ஆள் மிதக்கிறான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

ஒரு நாள் சாப்பிடும்போது சித்தர் பெருமை பேசி வீட்டாரை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தேன்.

“திருமூலர் என்ன செஞ்சார் தெரியுமா? சாத்தனூர்ல மூலன்னு ஒரு மாடு மேய்க்கிறவர் செத்துக் கிடந்தார். மாடுங்க அழறதைப் பாத்து மனசு கேக்காம, அவர் உடம்புக்குள்ள புகுந்து மாடுங்களை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனார்.”

“வீட்ல அந்த மூலனோட பொண்டாட்டி இருந்திருப்பாளே?”

“இருந்தா. உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லிட்டார்.”

“அவ சும்மா விட்டாளா?”

“ஊர்ப் பெரியவங்ககிட்ட போய் முறையிட்டா.”

“அவருக்கு மாடு அழுதது கண்ணுல பட்டிருக்கு” என்றாள் மனைவி. மேலே ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றினாள்.

ஆதிசங்கரரைத் துணைக்கு அழைத்தேன். அமருகன் என்கிற ராஜாவின் உடம்பில் அவர் புகுந்திருந்தபோது, சீடர்கள் குகையில் அவர் உடம்பைக் காவல் காத்தார்கள் என்று கதை.

“உங்களுக்குக் காவல் யாரு? நானா? எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கு.”

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். “திருவண்ணாமலைல கிளி கோபுரம் பாத்திருக்கியா கண்ணு? அருணகிரிநாதர் கிளி உடம்புல புகுந்து பாரிஜாதப் பூ எடுக்கப் போனாரு. திரும்பி வர்றதுக்குள்ள ஆகாதவன் ஒருத்தன் அவர் உடம்பைக் கொளுத்திட்டான். கிளியாவே நின்னுட்டாரு பாவம். நீ ஏதாவது காக்காயில புகுந்து தொலைக்கப் போறே.”

சரி, நிரூபித்துக் காட்டிவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று அமெரிக்க முறைக்கு வந்தேன். கலிபோர்னியாவில் சார்லஸ் டார்ட் என்கிற உளவியல்காரர், மிதப்பதாகச் சொன்ன ஒரு பெண்ணை நாலு ராத்திரி லேபில் படுக்க வைத்தார். உயரமான ஷெல்பில் ஐந்து இலக்க எண் ஒன்றை எழுதி வைத்தார். நாலாவது ராத்திரி அந்தப் பெண் 25132 என்று சரியாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அங்கிருந்த கடிகாரத்தின் மேல் எண்ணின் நிழல் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் 1968-ல் வெளியிட்ட கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். நேர்மையான மனிதர்.

“ஒரு பேப்பர்ல ஏதாவது நம்பர் எழுதி பீரோ மேல வை. என்கிட்ட சொல்லாதே. ஸ்டூல் போட்டு ஏறிப் பாக்க மாட்டேன். மிதந்து பாத்துச் சொல்றேன்” என்றேன்.

“எழுதி வெக்கிறேன். நீங்க அவசியம் பாக்கணும்” என்றாள். அந்த ‘அவசியம்’ அப்போது என் காதில் சரியாக விழவில்லை.

இதற்குள் வேறு சில காரியங்கள் நடந்தன. ஐம்பது ஆயில் சீல் கேட்ட டிபார்ட்மென்டுக்கு ஐந்நூறு என்று சீட்டு எழுதி, மெமோ வாங்கினேன். கிருஷ்ணகிரி போகும் வழியில் ஒரு விடியற்காலை கண் செருகி, பைக் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு விநாடி தப்பியிருந்தால், திரும்பி வராத ப்ரொஜெக்‌ஷன் ஆகியிருக்கும். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

கடைசியில் அந்த ராத்திரி வந்தது. உடம்பு ஜிவ்வென்று அதிர்ந்தது. கட்டிலை விட்டு மேலே போனேன். ஃபேன் றெக்கையின் மேல் ஒட்டடை. கீழே நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை. பீரோ மேல் அந்தப் பேப்பர். 47 என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது!

காலையில் எழுந்ததும் கத்தினேன். “நாப்பத்தேழு!”

மனைவி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். “ஏறிப் பாருங்க” என்றாள்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். பேப்பரில் இப்படி இருந்தது:

‘18-ம் தேதி சனிக்கிழமை சாயந்திரம் 4 மணிக்கு சின்னவளுக்கு ஸ்கூல் ஆண்டு விழா. மாங்கனி வேஷம். மூணு தடவை நேர்ல சொன்னேன், உம் கொட்டினீங்க. மேல வந்தா பாப்பீங்கன்னு இங்க வெச்சிருக்கேன்.’

அன்றைக்குத் தேதி 26.

அந்த 18-ம் தேதி வாரம் எனக்கு நைட் ஷிப்ட். சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு நான் வீட்டில்தான் இருந்தேன், அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று வீடே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனதாம்.

மனைவி செல்போனில் போட்டோவைக் காட்டினாள். மேடையில் ஒரு ரோஜா, ஒரு தக்காளி, ஒரு வாழை. நடுவில் மஞ்சள் சார்ட் பேப்பரில் வெட்டின மாங்கனி. எல்லாக் குழந்தைகளும் கேமராவைப் பார்க்கிறார்கள். எங்கள் மாங்கனி மட்டும் அண்ணாந்து ஷாமியானாவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

“ஏம்மா மேல பாக்கறே?” என்று சின்னவளைக் கேட்டேன்.

“நீ மேலேயிருந்து பாப்பேன்னு அம்மா சொன்னாங்க. அதான் டாட்டா காட்டினேன். நீ பாத்தியா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஸ்டூலை விட்டு இறங்கினேன். ஆறு மாதத்தில் நான் பத்திரமாகத் தரையிறங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பயிற்சியை ஒரேயடியாக விட்டுவிட்டேனா என்று கேட்டால், இல்லை. பழகினவர்களுக்கு அந்த அரிப்பு எளிதில் போகாது. ஆனால் வீட்டில் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். நைட் ஷிப்ட் வாரத்தில் கிடையாது. விடிந்தால் பைக் எடுக்க வேண்டிய நாளில் கிடையாது. மற்ற நாளிலும் முழுசாகத் தூங்கி எழுந்த பிறகுதான், அதுவும் அரை மணிதான். கதவுக்குத் தாழ் கிடையாது. யார் வேண்டுமானாலும் தொடலாம், கூப்பிடலாம், மிக்ஸி போடலாம். இந்த நிபந்தனைகளோடு இதுவரை ஒரு அங்குலம்கூட மேலே போகவில்லை.

பீரோ மேல் பேப்பர் வைக்கிற வழக்கம் மட்டும் தொடர்கிறது. கரண்ட் பில், பெற்றோர் கூட்டம், அம்மாவின் மாத்திரை. ஷிப்ட் முடிந்து வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் படித்துவிடுகிறேன். நோட்டீஸ் போர்டு உயரத்தில் இருப்பது நல்லது என்கிறாள் மனைவி.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவளைக் கதவோரம் நிற்க வைத்து, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டேன். மூன்றடி ஆறங்குலம். யாராவது கேட்டால் இனி முழிக்க வேண்டியதில்லை.