டிரெயின் வால்வு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேன் வாங்குங்க

நம்ம மெக்கானிக்கல் பசங்ககிட்ட இப்போ ஒரு புது ஆசை பரவிக்கிட்டு இருக்கு. வண்டிக்கு ஆயில் மாத்த கடைக்குப் போக வேண்டாம், நாமளே வீட்டுல மாத்திக்கலாம்னு. நல்ல ஆசைதான். நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸும் மெஷின் டிசைனும் படிச்சிட்டு, ஒரு போல்ட்டைக் கழட்ட இன்னொருத்தர் கையை எதிர்பார்க்கிறது நமக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும். அந்த ஆசையோட சேர்ந்து ஒரு பொருளும் ஆன்லைன் கார்ட்ல ஏறிடுது: ஆயில் டிரெயின் வால்வு. எதை வாங்கலாம்னு ஜூனியர்ஸ் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. என் பதிலை இங்கேயே எழுதிடறேன். ஆனா வால்வைப் பத்தி மட்டும் பேசி முடிக்க மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்.

இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கி நிக்கிற இடத்துல ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழட்டினா பழைய ஆயில் மொத்தமும் கீழே கொட்டும். கடைசி த்ரெட் விடும்போது சூடான ஆயில் கை மேல வழியும், போல்ட் தட்டுக்குள்ள விழும், நாம தேடுவோம். இதைவிடப் பெரிய பிரச்சனை த்ரெட். பெரும்பாலான பைக்ல அந்த இடம் அலுமினியம், போல்ட் ஸ்டீல். ஒவ்வொரு தடவையும் யாராவது பலமா முறுக்கினா, ஒரு நாள் "த்ரெட் போயிடுச்சு தம்பி"ன்னு சொல்லுவாங்க. அப்புறம் லேத் பட்டறைக்குப் போய்ப் புது த்ரெட் போடணும்.

டிரெயின் வால்வு இதுக்கான தீர்வு. போல்ட் இருந்த இடத்துல ஒரே ஒரு தடவை இதை மாட்டிட்டா போதும், த்ரெட்டை மறுபடி தொட வேண்டியதே இல்ல. ரெண்டு வகை பிரபலம். ஜப்பானோட ஃபுமோட்டோ மாதிரியானதுல ஒரு சின்ன பால் வால்வு, அதுக்கு ஒரு லீவர். கால் சுத்து திருப்பினா ஆயில் வரும், திரும்பத் திருப்பினா நிக்கும். ஜெர்மனியோட ஸ்டால்பஸ் மாதிரியானதுல உள்ளே ஸ்பிரிங் வெச்ச வால்வு, மேல ஒரு மூடி. மூடியைக் கழட்டி ஹோஸ் இருக்கிற பாகத்தைத் திருகினாதான் ஆயில் இறங்கும்.

எது நல்லது? வண்டியைப் பொறுத்தது. முதல்ல த்ரெட் அளவு. எம்12, எம்14 ரெண்டும் அதிகமா வர்ற அளவு. விட்டம் சரியா இருந்து பிட்ச் 1.25-க்குப் பதிலா 1.5 வாங்கிட்டாலும் அலுமினியம் நாசம்தான். ஆன்லைன்ல போட்டிருக்கிற லிஸ்ட்டை மட்டும் நம்பாதீங்க. அடுத்த ஆயில் சேஞ்சுல போல்ட்டைக் கழட்டும்போது வெர்னியர்ல அளந்து, பிட்ச் கேஜ் வெச்சுப் பாருங்க. ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்ல தொட்ட கருவிதானே.

அடுத்தது, கீழே எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கும்ங்கிறது. இங்கேதான் நம்ம ஏரியா வருது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுலயும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரி ஓடி ஓடி ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மழை பெஞ்சா தண்ணிக்கு அடியில பள்ளம் எங்கே, ஸ்பீட் பிரேக்கர் எங்கேன்னு தெரியாது. இந்த ரோட்டுல பைக் இன்ஜினோட அடிவயித்துல ரெண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு ஒரு பித்தளை வால்வு இருந்தா, அது கல்லுல பட்டு உடைய ஒரு தடவை போதும். ஆயில் மொத்தமும் ரோட்டுல போகும், இன்ஜின் சீஸ் ஆகும், பின்னாடி வர்ற டூ வீலர் வழுக்கும்.

அதனால என் கருத்து இது. காருக்கு, அடியில கார்டு இருந்து வால்வு அதுக்கு மேல அடங்கி நின்னா, லீவர் வகையை வாங்கலாம். லீவருக்கு லாக் கிளிப் கட்டாயம் வேணும், ஹோஸ் மாட்டுற நிப்பிள் இருக்கிறதாப் பாருங்க. ஸ்ப்ளெண்டர் மாதிரி தினசரி ஓட்டுற பைக்குக்கு லீவர் வகை வேண்டவே வேண்டாம். ரொம்ப ஆசைன்னா மூடி போட்ட, உயரம் கம்மியான வகை. இல்லேன்னா பழைய போல்ட்டே போதும். ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போட்டு, மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்கினா அந்த த்ரெட் ரொம்ப வருஷம் வரும். 1955-ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியா நம்ம திருவொற்றியூர்ல செஞ்ச பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணு கவனிக்கணும்: அதுல இன்ஜினுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனி. ஒரு வால்வு போட்டா எல்லா வேலையும் முடியாது.

வால்வுக்கு ஒரு குறையும் இருக்கு. அதோட துளை போல்ட் ஓட்டையைவிடச் சின்னது, ஆயில் மெதுவாத்தான் இறங்கும். உள்பக்கம் த்ரெட் கொஞ்சம் மேல நீட்டிக்கிட்டு இருந்தா அடியில கொஞ்சம் கசடு தங்கும். ரெண்டு நிமிஷம் இன்ஜினை ஓட்டி, ஆயில் இளஞ்சூடா இருக்கும்போது திறந்து, பொறுமையா உக்காருங்க.

சரி, வால்வு பத்தின பேச்சு முடிஞ்சது. இப்போ என் கேள்வி: இறங்கின ஆயிலை எங்கே ஊத்தப் போறீங்க?

வீடியோ போடுறவங்க யாரும் இதைக் காட்டுறதில்ல. பளபளன்னு புது ஆயில் ஊத்துறதோட வீடியோ முடிஞ்சிடும். அந்தக் கறுப்புத் தட்டு எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியாது. நம்ம தெருவுல அது எங்கே போகும்னு எனக்குத் தெரியும். காம்பவுண்டு ஓரத்து மண்ணுக்கோ, மழைநீர்க் கால்வாய்க்கோதான். திருவொற்றியூர் ஒரு பக்கம் கடலுக்கும் இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவுல இருக்கிற ஊர். இங்கே சாக்கடையில ஊத்துற எதுவும் ரொம்ப தூரம் போறதில்ல.

ஓடி முடிச்ச ஆயில் வெறும் அழுக்கு ஆயில் இல்ல. இன்ஜின் தேய்ஞ்ச உலோகத் துகள், எரிபொருள் எரிஞ்ச மிச்சம், பி.ஏ.எச்.னு சொல்ற ரசாயனங்கள் எல்லாம் அதுல கலந்திருக்கு. அந்த ரசாயனங்கள்ல சிலது புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. ஒரு தடவை ஆயில் மாத்தும்போது வர்ற பழைய ஆயில், பத்து லட்சம் காலன், அதாவது கிட்டத்தட்ட 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணியைக் கெடுக்க முடியும்னு அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. அது காருக்கான கணக்கு. பைக்குக்கு அதுல ஒரு பங்குன்னு வெச்சாலும் சின்ன எண் கிடையாது.

எண்ணெய் தண்ணியில கலந்தா என்ன ஆகும்னு பாடப் புத்தகத்துல படிக்க வேண்டிய நிலைமையில வடசென்னை இல்ல. 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம்னு ரெண்டு கப்பல் மோதினப்போ, எர்ணாவூர் கரையில ஒதுங்கின கறுப்புக் கசடை ஆளுங்க பக்கெட்டுல அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போச்சு. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் மீனவர்கள் படகும் வலையும் கறுத்துப் போய், தொழில் நின்னு, அவங்களே இறங்கி எண்ணெயை வாரினாங்க. கூழைக்கடா இறக்கையில எண்ணெய் ஒட்டிக்கிட்டு நின்ன போட்டோவை நாம எல்லாரும் ஸ்டேட்டஸ்ல வெச்சோம்.

"அப்போ ஆலையும் நானும் ஒண்ணா?"ன்னு கேப்பீங்க. நிச்சயமா இல்ல. ஒரு சுத்திகரிப்பு ஆலையோட பொறுப்பை நம்ம ஒரு லிட்டர் கேனோட சமப்படுத்துறவங்க யாரோ ஒருத்தரைக் காப்பாத்தப் பாக்குறாங்கன்னு அர்த்தம். ஆலைகிட்ட கேள்வி கேக்கணும், கேட்டுக்கிட்டே இருக்கணும். நான் சொல்றது வேற. ஆலைக்கு சட்டம், கோர்ட், பசுமைத் தீர்ப்பாயம்னு கேக்க ஆள் இருக்கு. வீட்டுல ஆயில் மாத்துற உங்களைக் கேக்க யாருமே இல்ல. அதனாலதான் நீங்களே கேட்டுக்கணும். முகத்துவாரத்துல இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறவங்களுக்கு, கால்ல ஒட்டுற கறுப்பு எந்தப் பைப்புல இருந்து வந்துச்சுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது.

மெக்கானிக் கடையில மட்டும் எல்லாம் ஒழுங்கான்னு கேட்டா, அதுவும் கடைக்குக் கடை வேற. ஆனா ஒரு விஷயத்துல அந்த அண்ணன் நம்மளைவிட மேல். அவருக்குப் பழைய ஆயில்னா காசு. பேரல்ல சேர்த்து வெச்சு வாங்க வர்றவங்களுக்கு விப்பாரு. அது அப்புறம் முறையான மறுசுழற்சிக்குப் போகுதா, இல்ல சென்ட்ரிங் பலகைக்கும் ஃபர்னஸுக்கும் போகுதாங்கிறது அடுத்த கேள்வி. ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் தனித்தனியா மாத்த ஆரம்பிச்சா, அந்த ஒரு பேரலும் இல்லாமப் போகும். வீட்டுல ஆயில் மாத்துறது சுலபமாக ஆக, ஆயில் சிதறிப் போற இடமும் அதிகமாகும். வால்வு விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

சட்டம் இருக்கு. 2016-ம் வருஷ அபாயகரக் கழிவு விதிகள்படி, பழைய ஆயில் அனுமதி வாங்கின மறுசுழற்சியாளர்கிட்டதான் போகணும். 2024 ஏப்ரல் 1-லிருந்து லூப்ரிகன்ட் தயாரிக்கிற கம்பெனிகளுக்கும் இறக்குமதி பண்றவங்களுக்கும் மறுசுழற்சிப் பொறுப்பு வந்தாச்சு. முறையா வாங்கின பழைய ஆயிலைத் தண்ணி நீக்கி, வெற்றிடத்துல காய்ச்சி வடிச்சா திரும்பவும் பேஸ் ஆயில் கிடைக்கும். ஆயில் அழுக்காகும், ஆனா தேய்ஞ்சு போறதில்ல. அதைச் சாக்கடையில ஊத்துறது நல்ல சரக்கைத் தூக்கி எறியறதுதான்.

ஆனா ஒரு லிட்டர் ஆயிலைத் தூக்கிக்கிட்டு மறுசுழற்சி ஆலைக்கு யார் போவா? இங்கேதான் நம்ம காலேஜ் வரணும். மெக்கானிக்கல் வொர்க்‌ஷாப் பின்னாடி, கூரைக்குக் கீழே, ஒரு மூடி போட்ட 50 லிட்டர் டிரம். அடியில ஒரு தட்டு, பக்கத்துல ஒரு புனல், ஒரு நோட்டு. ஸ்டூடன்ட்ஸ், ஸ்டாஃப் யார் வேணும்னாலும் பழைய ஆயிலைக் கொண்டுவந்து ஊத்தி, எத்தனை லிட்டர்னு எழுதிட்டுப் போகட்டும். தண்ணி, பெட்ரோல், பிரேக் ஆயில் எதுவும் கலக்கக் கூடாது. கலந்தா மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டாங்க. நிரம்பினதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறவங்களைக் கூப்பிட்டுக் கொடுத்து ரசீது வாங்கணும். லேப்ல இருக்கிற இன்ஜின்ல இருந்தும் லேத்துல இருந்தும் வர்ற ஆயிலும் இதே வழியில போகலாம். சிம்போசியத்துக்கு பேனர் அடிக்கிற செலவுல இது முடியும்.

இதை ஹெச்.ஓ.டி. கிட்ட லெட்டரா எழுதி, ஃபைனல் இயர்ல நாங்க பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஆனா மே மாசத்தோட நாங்க கிளம்பிடுவோம். டிரம் வந்தாலும், அதுல யாரும் தண்ணி கலக்காமப் பார்த்துக்க, நோட்டை எழுத, நிரம்பினா போன் பண்ண, செகண்ட் இயர்ல ரெண்டு பேராவது வேணும். அது நீங்களா இருந்தா, வொர்க்‌ஷாப்ல பேர் கொடுத்துட்டுப் போங்க.

அதுவரைக்கும் வீட்டுல ஆயில் மாத்துறவங்க புது ஆயில் வந்த அதே கேன்ல பழைய ஆயிலை ஊத்தி, இறுக்க மூடி, "பழைய ஆயில்"னு எழுதி வெயில் படாத இடத்துல வைங்க. கையில கிளவுஸ் போடுங்க. வால்வு அடுத்த மாசம்கூட வாங்கிக்கலாம்.